பூஜையில் போட்ட மூன்று முட்டை

போன மாதம் உங்கள் பயிற்சி அறையில் ஒரு மூலையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். திரையில் ‘அஞ்சல் பெட்டியைத் திறக்க முடியவில்லை’ என்று ஒரு வரி வந்தது. அவ்வளவுதான், அறையே எழுந்து நின்றுவிட்டது. ஒருவர் சர்வர் இருக்கும் அறைக்கு ஓடினார். இன்னொருவர் பெங்களூருக்கு போன் போட்டுக் கத்தினார். மூன்றாவதாக ஒரு பெண், “பெட்டியையே அழிச்சிட்டுப் புதுசா போட்டுடலாமா?” என்று கேட்டாள். அதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஏனென்றால் இதே மூன்றையும், இதே வரிசையில், உங்கள் வயதில் நான் செய்திருக்கிறேன்.

எண்பதுகளின் கடைசி. தர்மபுரியில் நாங்கள் நான்கு பேர் இருந்த ஒரு சின்ன அரசுக் கணினி மையம். மாடியில் வானத்தைப் பார்த்து ஒரு பெரிய கிண்ண ஆன்டெனா, கீழே குளிரூட்டிய அறையில் பீரோ உயரத்துக்கு ஒரு கணினி. ஊரில் பாதிப் பேர் அதைப் பார்க்க வந்து செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு நிற்பார்கள். மௌஸ் கிடையாது, படம் கிடையாது. கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. கடிதம் படிக்க வேண்டும் என்றாலும் கட்டளையைத் தட்டித்தான் படிக்க வேண்டும். சென்னையில் ஒருவர் தட்டினால் சில நிமிடங்களில் எங்கள் அஞ்சல் பெட்டியில் வந்து விழும். முதல் கடிதம் வந்த அன்று நான் ஆடாத குறைதான். ஆறு வாரப் பயிற்சி முடித்துவிட்டு உலகத்தையே கட்டி ஆள்வதுபோல் திரிந்த காலம் அது.

எங்கள் பொறுப்பாளர் அதிகம் பேசாதவர். அவர் வைத்திருந்த சட்டம் ஒன்றே ஒன்று. கணினியில் எதையாவது மாற்றினால், அது ஒரு புள்ளியாக இருந்தாலும், மேசையில் இருக்கும் நீலப் பதிவேட்டில் நேரம் போட்டு எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். “மறந்துபோவோம்னு எழுதச் சொல்லலை. மறைச்சுடுவோம்னு எழுதச் சொல்றேன்” என்பார். அப்போது அது எனக்குக் கொஞ்சம் அவமானமாகக்கூட இருந்தது. ஆனாலும் ஒழுங்காக எழுதினேன். ஒரே ஒரு நாளைத் தவிர.

அது ஆயுத பூஜைக்கு முந்தின நாள். மறுநாள் விடுமுறை என்பதால் அலுவலகத்தில் அன்று மாலையே பூஜை. பொரி, கடலை, அவல், வாழைக்கன்று எல்லாம் வந்துவிட்டது. டைப்ரைட்டருக்குப் பொட்டு, பேனாவுக்குப் பொட்டு, ஸ்டேப்ளருக்குக்கூடப் பொட்டு. கணினிக்கு மூன்று பட்டையாக விபூதி பூசி, நடுவில் சந்தனம், குங்குமம் வைத்தோம். அப்போதுதான் எழுத்தர் ஒரு சந்தேகம் கேட்டார். பூஜையில் வைத்த கருவியை விஜயதசமி காலைவரை தொடக் கூடாது, அது ஓய்வெடுக்க வேண்டும். ஆனால் இந்தக் கணினியை அணைக்கவும் கூடாது, அணைத்தால் கடிதம் வராது. அப்படியானால் இதற்கு எப்படி ஓய்வு கொடுப்பது?

பொறுப்பாளர் பூசணிக்காய் உடைக்க வெளியே போயிருந்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். “அணைக்காமலே ஓய்வு கொடுக்க எனக்குத் தெரியும்” என்று உட்கார்ந்துவிட்டேன். கோப்புகளுக்கு யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்பதை மூன்று எண்களால் சொல்லும் கட்டளை ஒன்று உண்டு. மூன்றுமே பூச்சியம் என்றால் யாருக்கும் உரிமை இல்லை, சொந்தக்காரனுக்கே இல்லை. மையத்தின் பெயரில் இருந்த அத்தனை கோப்புகளுக்கும் சேர்த்து ஒரே வரியில் மூன்று பூச்சியம் போட்டேன். எழுத்தர் கற்பூரம் காட்ட, நான் என்டர் தட்டினேன். விஜயதசமி காலையில் மறுபடி ஒரு வரி தட்டித் திறந்துவிடலாம் என்பது என் திட்டம்.

பிலோமினா பக்கத்தில் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் எங்கள் தட்டச்சு ஆபரேட்டர். கோவிலூர் பக்கம் விவசாயக் குடும்பம். ஞாயிறு பூசையைத் தவறவிடாத கத்தோலிக்கர், எங்கள் சுண்டலையும் தவறவிட்டதில்லை. திரையை எட்டிப் பார்த்துவிட்டு, “என்னங்க சார் மூணு முட்டை? பரீட்சையில வாங்குன மார்க்குங்களா?” என்றார். எல்லாரும் சிரித்தோம். பொறுப்பாளர் குடும்பத்தோடு தீர்த்தமலைக்குக் கிளம்பினார். நான் அதியமான்கோட்டைக்கு பஸ் ஏறினேன். நீலப் பதிவேட்டை நான் தொடவே இல்லை. அதுவும் பூஜையில் பொட்டோடு இருந்தது. அதோடு, நான் செய்தது எனக்கு வேலையாகவே தோன்றவில்லை. பூஜையில் மணி அடித்ததை யாராவது பதிவேட்டில் எழுதுவார்களா?

மறுநாள் காலை. வீட்டு வாசலில் என் மொபெட்டைக் கழுவி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தேன். சேறு தெறிக்க ஒரு ஜீப் வந்து நின்றது. பொட்டு இல்லை, மாலை இல்லை. ஆயுத பூஜை அன்று வெறும் நெற்றியோடு ஒரு ஜீப்பைப் பார்த்ததுமே எனக்கு என்னவோ போல் ஆனது. இறங்கியவர் மாதையன், ஏரியூர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் ஓட்டுநர். நாற்பது வயதிருக்கும். சட்டையில் பட்டன் மாறிப் போட்டிருந்தார்.

“கம்ப்யூட்டர் சார் வூடு இதானுங்களா? ஆபீசுல இருக்குற அந்தம்மா உங்கள கையோட கூட்டியாரச் சொன்னாங்க. பொட்டி தொறக்க மாட்டேங்குதாம்.”

ஜீப்பில் போகும்போதே விஷயத்தைச் சொன்னார். இரண்டு நாளாக ஏரியூர் பக்கம் வாந்திபேதி. சுகாதார நிலையத்தில் பதினோரு பேர். குளுக்கோஸ் பாட்டில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இன்று காலை வானொலியில் செய்தி: ஏதோ ஒரு கம்பெனியின் சில பேட்ச் பாட்டில்கள் கெட்டுப்போயிருக்கின்றன, பேட்ச் நம்பர் பார்க்காமல் யாருக்கும் ஏற்றாதீர்கள். கெட்ட நம்பர் எவை என்று வானொலியில் சொல்லவில்லை. பட்டியல் சென்னையிலிருந்து ஒவ்வொரு மாவட்டத்துக்கும் கணினி வழியாக வரும் என்று மட்டும் தெரிந்தது. மழையில் வெளியூர் போனுக்கான டிரங்க் லைன் செத்துக் கிடந்தது, தந்தியும் இல்லை. டாக்டர் தன்னிடம் இருந்த நான்கு பேட்ச் நம்பர்களை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மாதையனை உடனே அனுப்பியிருக்கிறார்.

“இருக்குறது அம்பது பாட்டலுங்க. எது நல்லது, எது கெட்டதுன்னு தெரியாம டாக்டரு எதையும் தொட மாட்டேன்னுட்டாரு. உப்பு சக்கரத் தண்ணி குடுத்துப் பாக்குறாங்க, குடிச்சது குடிச்சபடி வெளிய வந்துடுது.” கியரை மாற்றினார். “எந் தங்கச்சி முனியம்மாவும் அங்கதாங்க கெடக்குறா. நா கெளம்புறப்ப கண்ணு உள்ள போயிருச்சு. பேச்சில்ல.”

எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டுமே. பயத்துக்கு அடியில் ஒரு குஷியும் இருந்தது. இத்தனை பெரிய காரியத்துக்கு என்னைத் தேடி ஜீப் வந்திருக்கிறதே என்று.

மையத்தில் பிலோமினா தனியாக உட்கார்ந்திருந்தார். விடுமுறையில் கடிதம் வந்தால் பார்ப்பதற்காக அவர்தான் அன்றைய டியூட்டியை வாங்கிக்கொண்டிருந்தார். “எட்டரைக்கே லெட்டர் வந்துடுச்சு சார். லெட்டர் இருக்குன்னு சொல்லுது. தொறந்தா முடியாதுங்குது. நாலு தடவ பாத்துட்டேன்.”

நானும் உட்கார்ந்தேன். உள்ளே நுழைந்ததும் கணினி, ‘உங்களுக்குக் கடிதம் இருக்கிறது’ என்றது. படி என்றேன். ‘பெட்டியைத் திறக்க முடியவில்லை, அனுமதி இல்லை’ என்றது. மறுபடி நுழைந்தேன். மறுபடி கடிதம் இருக்கிறது. மறுபடி முடியாது. கல்யாண வீட்டில் சாப்பாடு இருக்கிறது, பந்தி மட்டும் கிடையாது என்பதுபோல.

அனுமதி இல்லை என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்கு ஒரே ஒரு எண்ணம்தான் வந்தது. மேலே இருப்பவர்கள்தான் தடுத்திருக்கிறார்கள். நம் ஊரில் அனுமதி என்பது எப்போதும் மேலே இருந்துதானே வரும், மறுப்பும் அங்கிருந்துதானே வரும்! மாடிக்கு ஓடி ஆன்டெனாவின் கேபிளை ஆட்டிப் பார்த்தேன். கீழே ஓடிவந்து மோடத்தின் விளக்குகளை எண்ணினேன். எல்லாம் எரிந்தன. கடிதம் அனுப்புவதற்குத் தடை இல்லை என்பதால், ‘உங்கள் பக்கம் கோளாறு, கடிதத்தைத் திரும்ப அனுப்பவும்’ என்று சென்னைக்கு அதிகாரமாக ஒரு கடிதம் அனுப்பினேன்.

அனுப்பினார்கள், பாவம். எப்படித் தெரிந்தது என்றால், கோப்புப் பட்டியலைப் பார்த்தபோது பெட்டியின் அளவு இரண்டு மடங்காகியிருந்தது. இன்னொரு தடவை கேட்டேன், மூன்று மடங்கானது. பெட்டி வீங்கிக்கொண்டே போகிறது, ஒரு எழுத்தையும் காட்ட மாட்டேன் என்கிறது. அந்தப் பட்டியலின் வலது ஓரத்தில் அளவைப் பார்த்தேனே தவிர, அதே வரியின் இடது ஓரத்தில் வழக்கமாக உரிமையைக் காட்டும் எழுத்துகள் இருக்கும் இடத்தில் வெறும் சின்னக் கோடுகளாக நின்றதை நான் பார்க்கவில்லை. வந்ததா, வந்ததா என்று தேடுகிறவனுக்கு வேறு எதுவும் கண்ணில் படாது.

பதினொன்றரை ஆகிவிட்டது. மாதையன் வாசற்படியில் உட்காரவும் இல்லை, உள்ளே வரவும் இல்லை. ஒவ்வொரு தடவை நான் நாற்காலியை நகர்த்தும்போதும் தலையை நீட்டினார். பிலோமினா டீ வாங்கிக்கொடுத்தார். அதை அவர் கையில் வைத்துக்கொண்டே நின்றார், குடிக்கவில்லை.

“எல்லாத்தையும் சூப்பர் யூசரா பாக்கலாமே சார்?” என்றார் பிலோமினா. பார்க்கலாம்தான். எதையும் திறக்கும் அந்தத் தலைமைக் கடவுச்சொல் பொறுப்பாளரிடம் மட்டும் இருந்தது. அவர் தீர்த்தமலையில் எந்தப் படியில் ஏறிக்கொண்டிருந்தாரோ!

கையேட்டைப் புரட்டினேன். ஒரு பக்கத்தில் அருள்வாக்குபோல ஒரு வரி இருந்தது. பெட்டி கெட்டுப்போனால் அழித்துவிடுங்கள், அடுத்த கடிதம் வரும்போது புதுப் பெட்டி தானாக உருவாகும். நான் நாற்காலியிலிருந்து துள்ளிவிட்டேன். “ஆச்சுங்க! அழிச்சிட்டு, சென்னையில இன்னொரு தடவ அனுப்பச் சொல்லப் போறேன். பத்து நிமிஷம்!”

பிலோமினா துள்ளவில்லை. “அவங்களும் லீவு நாள்ல வந்திருக்காங்க சார். மூணு தடவ அனுப்பிட்டாங்க. இன்னும் அங்க உக்காந்திருக்காங்கன்னு எப்படித் தெரியும்? கெளம்பிப் போயிருந்தா, இப்ப உள்ள இருக்குறதும் போயிடுமே.”

“உள்ள இருந்து என்னங்க பிரயோஜனம்? படிக்க முடியலையே!”

“படிக்க முடியலைன்னாலும் இருக்குதில்ல?”

எனக்குக் கோபம் வந்தது. வாசலில் ஒருவர் தங்கைக்காக நிற்கிறார், இவர் என்னோடு வாதம் செய்கிறாரே என்று. ஏதாவது செய்தாக வேண்டும் என்ற வெறி, கேட்டுக்கொள்ளுங்கள், நம் தொழிலில் அதைவிட ஆபத்தான ஒன்று இல்லை. அழிக்கும் கட்டளையைத் தட்டி என்டரை அடித்தேன்.

கணினி உடனே அழிக்கவில்லை. ஒரு கேள்வி கேட்டது. பெட்டியின் பெயர், பக்கத்தில் மூன்று பூச்சியம், பிறகு ஒரு கேள்விக்குறி. ஆமாம் என்று ஒரு எழுத்து தட்டினால் முடிந்தது. என் விரல் அந்தக் கட்டைமேல் இருந்தது. இப்போது சொல்லும்போதும் அந்த விரல் கூசுகிறது.

“இருங்க சார்!” பிலோமினா என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். அவர் அதுவரை என்னைத் தொட்டதே இல்லை. “அந்த மூணு முட்டை! நேத்துக் கற்பூரம் காட்டுறப்ப நீங்க போட்டதுதானே அது?”

திரையில் இருந்த மூன்று பூச்சியத்தையும் மறுபடி பார்த்தேன். எல்லாம் ஒரே நேரத்தில் புரிந்தது. அத்தனை கோப்புகளுக்கும் என்று தட்டினேனே, அந்த அத்தனைக்குள் அஞ்சல் பெட்டியும் இருந்தது. கடிதத்தை உள்ளே போடும் கணினிக்கு அந்தத் தடை கிடையாது, எடுக்கப் போன எங்களுக்குத்தான். சென்னை தடுக்கவில்லை, ஆன்டெனா தடுக்கவில்லை. பூட்டியவன் நான், பூட்டின் சொந்தக்காரனும் நான், திறக்கும் உரிமையும் காலையிலிருந்து என் கையிலேயே இருந்திருக்கிறது. இல்லை என்று பதில் தட்டினேன். விபூதிப் பட்டை பூசிய அந்தக் கணினி என்னைவிடப் பொறுப்பாக ஒரு கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருந்தது.

உரிமையைத் திருப்பிக் கொடுக்க ஒரே ஒரு வரி. தட்டினேன். படி என்றேன். பச்சை எழுத்துகள் கொட்டின. பேட்ச் நம்பர்கள், வரிசை வரிசையாக! ஒரே பட்டியல் மூன்று தடவை. நான் கத்தியே விட்டேன். பிரின்டர் கரகரவென்று இறக்க, மாதையன் உள்ளே ஓடிவந்து துண்டுச் சீட்டை நீட்டினார். பிலோமினா சீட்டைப் படித்தார், நான் பட்டியலில் தேடினேன். முதல் நம்பர் இல்லை. இரண்டாவது இல்லை. மூன்றாவது இருந்தது. நான்காவது இல்லை. ஒவ்வொன்றையும் இரண்டு தடவை பார்த்தோம். மூன்றாவதைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டு, ‘இதை ஏற்றக் கூடாது, மற்ற மூன்றும் பட்டியலில் இல்லை’ என்று எழுதிக் கொடுத்தேன்.

“என்னங்க சார் ஆச்சு? எப்படித் தொறந்துச்சு?” என்றார் மாதையன், தாளை மடித்துக்கொண்டே.

“லைன் சரியாயிடுச்சு அண்ணே” என்றேன்.

அவர் என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஓடினார். ஜீப் கிளம்பிய சத்தம் அடங்கும்வரை நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தபோது பிலோமினா நீலப் பதிவேட்டைத் திறந்து வைத்திருந்தார். கடிதம் வந்த நேரம், நான் வந்த நேரம், திறந்த நேரம் எல்லாம் அவர் கையெழுத்தில் இருந்தன. முந்தின நாள் மாலைக்கு நேராக ஒரு வரி மட்டும் காலியாக விட்டிருந்தார். “இத நீங்களே எழுதுங்க சார்” என்று சொல்லிவிட்டு டீ டம்ளர்களை எடுத்துப் போனார்.

நான் எழுதவில்லை.

விஜயதசமி முடிந்து பொறுப்பாளர் வந்து, என்ன கோளாறு என்று கேட்டார். லைன் என்றேன். அவர் பதிவேட்டைப் பார்த்தார், காலி வரியைப் பார்த்தார், மூடி வைத்தார். அவ்வளவுதான். ஏரியூரில் எல்லாரும் பிழைத்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. ஊரில் என் பெயர் பரவியது. டீக்கடையில், “கம்ப்யூட்டர் தம்பிதான் அன்னைக்குக் காப்பாத்துனது” என்று ஒருவர் எனக்கு பஜ்ஜி வாங்கிக் கொடுத்தார். அதைத் தின்றேன். அதன் ருசி எனக்கு இன்னும் பிடிக்கவில்லை.

பத்து நாள் கழித்து மாதையன் வந்தார். கூடவே ஒரு மெலிந்த பெண், முப்பது வயதிருக்கும். முனியம்மா. கையில் ஒரு மஞ்சப்பை நிறைய வேர்க்கடலை. பொறுப்பாளர், பிலோமினா எல்லாரும் இருக்க, மாதையன் தங்கையிடம், “இவருதாம்மா. இவரு இல்லன்னா நீ இல்ல. கும்புட்டுக்க” என்றார். அந்தப் பெண் குனியப் போனாள்.

என்னால் தாங்க முடியவில்லை. “கும்புடாதீங்கம்மா” என்று சத்தமாகவே சொன்னேன். வந்த வேகத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பூஜையில் நானே பூட்டியதை, அதை மறந்ததை, ஊரையெல்லாம் குற்றம் சொன்னதை, அழிக்கப் போனதை, பிலோமினா கையைப் பிடித்ததை, லைன் என்று பொய் சொன்னதை. “எட்டரைக்கு வந்த லெட்டரும்மா. நான் ஒழுங்கா இருந்திருந்தா உங்க அண்ணன் ஒம்பது மணிக்கே திரும்பக் கெளம்பியிருப்பாரு. நான் பன்னண்டாக்கிட்டேன்.”

மாதையன் முகம் கறுத்துவிட்டது. சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். முனியம்மா என்னையே பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

“அந்த மூணு மணி நேரமும் எனக்கு நெனப்பு இருந்துச்சுங்க” என்றாள். “பேச்சுதான் வரல. பக்கத்துக் கட்டில்ல ஒரு ஆயா, ஜீப்பு வந்துருச்சா, ஜீப்பு வந்துருச்சான்னு கேட்டுக்கிட்டே இருந்துச்சு. எனக்கும் அதான் நெனப்பு. அண்ணன் வழியில எங்கியோ வுழுந்துட்டாருன்னே நெனச்சுக்கிட்டேன்.” பிறகு மேசையைப் பார்த்தாள். “செஞ்சத எழுதி வைக்க உங்கள்ட்ட நோட்டு கீட்டு ஒண்ணும் இல்லைங்களா?”

பிலோமினா நீலப் பதிவேட்டைத் திறந்து என் முன்னால் வைத்தார். அந்த வரி அப்படியே காலியாக இருந்தது. பொறுப்பாளர் தன் பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார். எழுதினேன்.

“எனக்குப் படிப்பு இல்லைங்க. என்ன எழுதுனீங்கன்னு படிங்க” என்றாள் முனியம்மா.

படித்தேன். “மாலை ஐந்தேகால் மணி. பூஜை நேரத்தில் மையத்தின் எல்லாக் கோப்புகளையும், அஞ்சல் பெட்டி உட்பட, நான் பூட்டினேன். யாரிடமும் சொல்லவில்லை.” கீழே கையெழுத்து.

அவள் தலையை ஆட்டினாள். “ம். சரிங்க” என்றாள். மஞ்சப்பையைத் திரும்ப எடுத்துப்போவாள் என்று நினைத்தேன். அதைப் பதிவேட்டுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டு, “அண்ணா, மூணு மணி பஸ்ஸு போயிடும், வா” என்று மாதையனைக் கூட்டிக்கொண்டு இறங்கினாள்.